மேசையில் கிடத்திய மனுக்கள்

அமெரிக்க அரசியலைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம், குடியரசுத் தலைவரின் அதிகாரம், இரு பெருங்கட்சிகளின் போட்டி, நான்காண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தல் என்பவற்றோடு அப்பேச்சு முடிந்துவிடுகிறது. தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடைப்பட்ட நாள்களில் அந்நாட்டுச் சாமானியன் தன் மனத்திலிருந்ததை ஆள்வோர் செவியில் எவ்வாறு போட்டான் என்று வினவுவார் குறைவு. தச்சனும், செருப்புத் தைப்பவனும், வாக்குரிமையே பெறாத பெண்ணும் அரசின் கொள்கைகளைப் பற்றித் தமக்கும் ஒரு கருத்துண்டு என்று சொல்ல அங்கே ஒரு வாயில் இருந்தது. அதன் பெயர் மனு. அவ்வாயில் எட்டாண்டுக் காலம் அடைபட்டுக் கிடந்த கதையையும், முதியவர் ஒருவர் அதனை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த கதையையும் ஈண்டு வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

மனுச் செய்யும் உரிமையை அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமே, மன்னனிடம் முறையிடுவது குடிகளின் உரிமை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. கடல்கடந்து குடியேறியவர்கள் அவ்வுரிமையையும் தங்கள் மூட்டை முடிச்சுகளோடு கொண்டு சென்றார்கள். 1776இல் அவர்கள் விடுத்த விடுதலைப் பிரகடனத்தில் இங்கிலாந்து மன்னன்மீது சாட்டிய குற்றங்களுள் ஒன்று, தாங்கள் திரும்பத் திரும்பச் செய்த முறையீடுகளுக்குத் திரும்பத் திரும்பத் தீங்கே விடையாக வந்தது என்பதாகும். முறையீடு கேட்கப்படாததைக் காரணங்காட்டிப் பிறந்த நாடு அது. ஆதலால், 1791இல் அரசியல் சட்டத்தில் முதல் திருத்தத்தைச் சேர்த்தபோது, சமயம், பேச்சு, பத்திரிகை, கூட்டம் கூடுதல் ஆகிய உரிமைகளுக்கு அடுத்து, குறைகளைத் தீர்க்குமாறு அரசிடம் மனுச் செய்யும் உரிமையையும் எழுதிவைத்தார்கள். முன்னுள்ள நான்கையும் நினைவிற் கொள்வோர் பலர். இறுதியில் நிற்கும் மனுவைக் கடந்து சென்றுவிடுவதே வழக்கமாயிருக்கிறது.

அந்நாளைய நடைமுறையும் எளிதே. ஊரார் சிலர் கூடி ஒரு தாளில் தங்கள் வேண்டுகோளை எழுதிக் கையொப்பமிட்டுத் தங்கள் தொகுதியின் பிரதிநிதிக்கு அனுப்புவார்கள். அதற்கென ஒதுக்கிய நாளில் அவர் சபையில் எழுந்து அதனைச் சமர்ப்பிப்பார். சபை அதனைப் பொருத்தமானதொரு குழுவின் ஆய்வுக்கு அனுப்பும். ஓய்வூதியம் கேட்கும் போர்வீரனின் விதவையும், தபால் சாலை கேட்கும் கிராமமும், சுங்க வரியைக் குறைக்கக் கேட்கும் வணிகரும் இவ்வாறே தலைநகரின் கதவைத் தட்டினர். 1790ஆம் ஆண்டிலேயே, முதுமையில் தளர்ந்திருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், அடிமை முறைக்கு எதிரான பென்சில்வேனியாச் சங்கத்தின் தலைவராகக் கையொப்பமிட்டு ஒரு மனுவை அனுப்பினார். அடுத்த சில வாரங்களில் அவர் இவ்வுலகை விட்டே மறைந்தார். சபை அம்மனுவை விவாதித்தது. தன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதெனக் கைவிரித்தது. எனினும் கேட்கவே மாட்டோம் என்று அன்று அது சொல்லவில்லை.

இவ்விடத்தில், மனுவென்று பெயர் சூட்டப்படாத ஒரு மடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரபு மொழி பயின்றோர் எவரும் இதனைப் பேசாமல் கடந்து செல்ல இயலாது.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா ஜல்லோன் என்னும் முஸ்லிம் அரசின் தலைவருடைய மைந்தர் அப்துர் ரஹ்மான் இப்ராஹீமா. திம்புக்தூவில் கல்வி பயின்றவர். 1788இல் போர் ஒன்றில் சிறைப்பட்டு, அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டு, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாட்செஸ் ஊரில் ஒரு நிலக்கிழாருக்கு விற்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. 1807இல் சந்தையில் காய்கிழங்கு விற்கச் சென்றவரை ஒரு வெள்ளைக்காரர் உற்றுப் பார்த்தார். அவர் ஜான் காக்ஸ் என்னும் மருத்துவர். கப்பலில் சென்றபோது ஆப்பிரிக்கக் கரையில் வழிதவறி, நோயுற்று, இவருடைய தந்தையாரின் அரண்மனையில் பல மாதம் விருந்தோம்பப் பெற்றவர். உண்ட வீட்டுப் பிள்ளையை அடிமையாய்ச் சந்தையில் கண்ட அம்மனிதர், தாம் விலை கொடுத்து விடுவிக்க எவ்வளவோ முயன்றார். எசமானர் மறுத்துவிட்டார். மருத்துவரும் நன்றிக்கடன் தீராமலேயே காலமானார்.

1826இல் அப்துர் ரஹ்மான் அரபு மொழியில் ஒரு மடல் எழுதினார். அதில் திருமறை வசனங்கள் இடம்பெற்றிருந்தன. நாம் இதில் சற்று நின்று வியக்க வேண்டியுள்ளது. ஓதிமுடித்து மதரஸாவை விட்டு வெளியேறியவர்களே பத்தாண்டு தொடர்பற்றுப் போனால் எழுத்துத் தடுமாறுவதை நாம் காண்கிறோம். முப்பத்தெட்டாண்டுகள் பருத்திக் காட்டில் உழைத்த ஒருவரின் நெஞ்சில் அந்த எழுத்து அழியாமல் இருந்திருக்கிறது! உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர், இவர் மொராக்கோ நாட்டவராயிருக்கலாம் என்று பிழையாகக் கருதி, மடலை ஒரு செனட்டர் வாயிலாக மேலே அனுப்பினார். அப்பிழையே நன்மையாக முடிந்தது. மடல் மொராக்கோவின் சுல்தான்வரை சென்றது. சுல்தான் இவருடைய விடுதலையை விரும்பினார். வெளிநாட்டமைச்சர் ஹென்றி கிளே செய்தியைக் குடியரசுத் தலைவர் முன் வைத்தார். அத்தலைவர்தான் ஜான் குவின்சி ஆடம்ஸ்.

1828இல் அப்துர் ரஹ்மான் விடுதலை பெற்றார். தலைநகரில் ஆடம்ஸைக் கண்டு பேசவும் செய்தார். இன்னும் அடிமைகளாயிருந்த தம் மக்களையும் மீட்க உதவுமாறு அவர் கேட்டபோது, ஆடம்ஸ் இசையவில்லை. ஒரு மனிதனுக்கு இரங்கினார், முறைமையைத் தொடவில்லை. அந்த இரக்கத்தையும் தென்னாட்டுப் பத்திரிகைகள் சில விட்டுவைக்கவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் அதனையே அவருக்கெதிரான பிரசாரமாக்கின. ஆடம்ஸ் தேர்தலில் தோற்றார். அப்துர் ரஹ்மான் வடக்கு நகரங்களில் நன்கொடை திரட்டிவிட்டு, மனைவியோடு கப்பலேறி லைபீரியா சேர்ந்து, தாம் பிறந்த மண்ணை எட்டுமுன்பே 1829இல் காய்ச்சலால் காலமானார். திரட்டிய பணத்தால் அவருடைய மக்களில் சிலரே பின்னர் மீட்கப்பட்டனர். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக.

குடியரசுத் தலைவராயிருந்து இறங்கியவர் ஒதுங்கி வாழ்வதே மரபு. ஆடம்ஸ் அவ்வாறு செய்யவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத் தொகுதியிலிருந்து சாதாரண உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1831இல் பிரதிநிதிகள் சபையில் வந்தமர்ந்தார். தந்தையும் குடியரசுத் தலைவர். தாமும் குடியரசுத் தலைவர். இப்போது பிறர் தரும் தாள்களை எழுந்து படிக்கும் உறுப்பினர். அவ்வாண்டு டிசம்பரில் அவர் முதலில் சமர்ப்பித்தவற்றுள் பென்சில்வேனியா மக்கள் அனுப்பிய பதினைந்து மனுக்கள் இருந்தன. தலைநகரம் அமைந்துள்ள கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்பது அவற்றின் வேண்டுகோள். அவற்றைத் தந்துவிட்டு, இக்கோரிக்கையைத் தாம் ஆதரிக்கவில்லை என்றும் அவர் அவையிலேயே சொல்லிவிட்டார். அதாவது, தமக்கு உடன்பாடில்லாத கருத்தைச் சுமந்துவந்து அவைமுன் வைப்பதும் தம் கடமை என்று அவர் எண்ணினார். பின்னாளில் அவர் பட்ட பாடுகள் அனைத்துக்கும் வேர் இதுவே என்பது நம் கருத்து.

(அவ்வாண்டிலேயே வட கரோலினாவில் உமர் இப்னு சயீத் என்னும் மற்றோர் அடிமை முஸ்லிம், அரபு மொழியில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ‘அல்முல்க்’ அத்தியாயத்தை எழுதி அதனைத் தொடங்குகிறார். ஆட்சியும் உடைமையும் யாருடையவை என்று அறிவிக்கும் அத்தியாயத்தை, மற்றொருவனுக்கு உடைமையாயிருந்த மனிதர் தேர்ந்துகொண்டது ஆலிம்களின் சிந்தனைக்குரியது. அக்கையெழுத்துப் படி 2017 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.)

1833இல் அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் தோன்றியது. அது 1835இல் தபால் மூலம் ஏராளமான வெளியீடுகளைத் தென்னாட்டுக்கு அனுப்பியது. சார்ல்ஸ்டன் நகரில் ஒரு கும்பல் தபால் மூட்டையைக் கைப்பற்றி அவ்வெளியீடுகளைத் தீயிலிட்டது. தபால் வழி அடைபட்டதும் மனுக்கள் பெருகின. தென்னாட்டு உறுப்பினர்களுக்கு அவை செவியில் ஊற்றிய ஈயமாயின. ஒழிப்பு என்னும் சொல்லே அவையில் ஒலிக்கலாகாது என்றனர். மனுக்களைப் பெற்றுக்கொள்ளவே கூடாது என்று ஜேம்ஸ் ஹாமண்ட் என்பவர் வாதிட்டார். பின்னர், ஹென்றி பிங்க்னி தலைமையிலான குழு ஒரு நடுவழி கண்டது. அடிமை முறை தொடர்பான எந்த மனுவானாலும், அச்சிடாமலும் குழுவுக்கு அனுப்பாமலும் மேசைமேல் வைக்கப்படும். அதன்மேல் எந்நடவடிக்கையும் இராது. 1836 மே 26ஆம் நாள் 117 வாக்குகள் ஆதரவாகவும் 68 எதிராகவும் பெற்று அத்தீர்மானம் நிறைவேறியது. வரலாற்றாசிரியர்கள் இதனை ‘வாய்ப்பூட்டு விதி’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர்.

மேசைமேல் வைத்தல் என்ற தொடரை நம் நாட்டுச் சட்டசபை வழக்கத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. நம் சபைகளில் ஓர் ஆவணம் மேசைமேல் வைக்கப்பட்டால், உறுப்பினர் அனைவரும் பார்க்கத் தரப்பட்டது என்று பொருள். அமெரிக்கச் சபையிலோ, மூடி வைக்கப்பட்டது என்று பொருள். ஒரே மேசைதான்; இங்கே ஆவணம் கண் விழிக்கிறது, அங்கே உறங்கப் போகிறது.

வாக்கெடுப்பில் தம் பெயர் அழைக்கப்பட்டபோது, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், இத்தீர்மானம் அரசியல் சட்டத்தையும் சபையின் விதிகளையும் தம் தொகுதி மக்களின் உரிமைகளையும் மீறுவது என்று ஆடம்ஸ் கூவினார். அமைதி, அமைதி என்ற கூச்சல் எழுந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.

அடைத்த வாயில்முன் கூட்டம் சேர்வது இயல்பு. இதுவரை அடிமை முறையைப் பற்றிக் கவலையே படாத வடநாட்டுக் குடியானவன்கூட, என் மனுவைப் படிக்கவும் மாட்டாயா என்று கேட்கலானான். மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றைச் சுமந்து வீடு வீடாய்ச் சென்றோர் பெரும்பாலும் பெண்கள். அச்சிட்ட சிறு படிவம். மேலே நான்கைந்து வரி வேண்டுகோள். கீழே இரண்டு பத்திகள். ஒன்றில் வாக்குரிமை பெற்ற ஆண்கள் ஒப்பமிட்டனர்; மற்றொன்றில் பெண்கள். பல மனுக்களில் பெண்களின் பத்தியே நீண்டு தொங்குகிறது. அந்நாட்டுப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றது 1920இல் என்பதை நினைத்தால், அப்படிவத்தின் அருமை விளங்கும். தன் கருத்து இன்னதென்று அரசுக்குச் சொல்ல அவர்களுக்கிருந்த தாள் அது ஒன்றே.

பெண்கள் அடுப்பங்கரையை விட்டு அரசியலில் தலையிடுவது வருந்தத்தக்கது என்று ஓர் உறுப்பினர் அவையில் சொன்னார். 1838ஆம் ஆண்டுக் கோடையில், நாள்தோறும் காலையில் கிடைத்த சிறிது நேரத்தைப் பயன்படுத்தி, வாரக்கணக்கில் ஆடம்ஸ் அதற்கு விடையளித்தார். பழைய வேதாகமத்தில் வரும் தெபொராளையும் எஸ்தரையும் சான்றாகக் காட்டினார். ஓட்டுரிமை இல்லை என்பது முறையிடும் உரிமையைப் பறிக்கக் காரணமாகாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஆடம்ஸின் போர்முறையில் குறும்பும் கலந்திருந்தது. 1837 பிப்ரவரியில் ஒருநாள் அவர் எழுந்து, தம்மிடம் ஒரு மனு இருப்பதாகவும், அது அடிமைகளே ஒப்பமிட்டது போல் தோன்றுவதாகவும், விதியின்படி அதனை என் செய்வது என்றும் சபாநாயகரை அடக்கத்தோடு வினவினார். அவை கொதித்தெழுந்தது. இவரை வெளியேற்றுங்கள் என்றனர். மனுவை எரியுங்கள் என்றனர். கண்டனத் தீர்மானங்கள் கொண்டுவந்தனர். எல்லோரும் கத்தி ஓய்ந்தபின், மனு எதைக் கேட்கிறது என்று ஒருவரும் தம்மைக் கேட்கவில்லையே என்றார் அவர். அடிமை முறையை ஒழிக்கலாகாது என்பதே அம்மனுவின் வேண்டுகோள்! அவரைச் சிக்கவைக்க யாரோ புனைந்து அனுப்பியது என்று கருத இடமுண்டு. அவையோர் முகத்தில் அசடு வழிந்தது. கண்டனம் கைவிடப்பட்டது. ஆயினும், அரசியல் சட்டம் மக்களுக்கு அளித்த மனுவுரிமை அடிமைகளுக்கு இல்லை என்று ஒரு தீர்மானத்தை மட்டும் சபை பெரும்பான்மையோடு நிறைவேற்றிக்கொண்டது.

அப்துர் ரஹ்மானின் மடலை நாம் விரிவாகச் சொன்னது இதற்காகவே. அடிமை ஒருவரின் எழுத்து 1828இல் குடியரசுத் தலைவரின் கருணையைப் பெற முடிந்தது. 1837இல் அடிமையின் எழுத்தைப் பெற்றுக்கொள்ளலாமா என்ற கேள்வியே அவமதிப்பாயிற்று. கருணை காட்டும்படி கேட்பவனை ஆள்வோர் பொறுத்துக்கொள்வர். உரிமையோடு கேட்பவனைப் பொறுப்பது அவர்களுக்கு அரிது.

மனுச் செய்தோர் யாவரும் வென்றார்கள் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. அதே ஆண்டுகளில் செரோக்கி இனத்தார், தம் மூதாதையர் மண்ணைவிட்டுத் தம்மை வெளியேற்றும் ஒப்பந்தம் தம் மக்களின் ஒப்புதல் பெறாதது என்று பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு முறையிட்டனர். வாய்ப்பூட்டு விதி அவர்களைத் தடுக்கவில்லை. இருந்தும் 1838இல் படைகள் வந்து அவர்களை ஓட்டிச் சென்றன. வழியில் மாண்டோர் பல்லாயிரவர் குடும்பங்களின் கண்ணீராயினர்.

1840இல் விதி மேலும் இறுகியது. அதுவரை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் புதுப்பிக்கப்பட்டு வந்தது, இப்போது சபையின் நிலையான விதிகளுள் ஒன்றாயிற்று. மனுவை மேசைமேல் வைப்பதுகூட இல்லை, பெற்றுக்கொள்வதே இல்லை என்றாயிற்று. எனினும் இம்முறை ஆதரவு 114, எதிர்ப்பு 108. நான்காண்டுக்கு முன்பிருந்த பெரும் இடைவெளி ஆறு வாக்குகளாகச் சுருங்கிவிட்டதைக் கூர்ந்து நோக்கினால், கிழவரின் உழைப்பு எங்கே சென்று சேர்ந்தது என்பது புலப்படும்.

1842 ஜனவரியில் பெரும் புயல் எழுந்தது. மாசசூசெட்ஸின் ஹேவரில் ஊரைச் சேர்ந்த நாற்பத்தாறு பேர், அடிமை முறைக்குத் துணைபோகும் இவ்வொன்றியத்தையே அமைதியான முறையில் கலைத்துவிடுமாறு மனு அனுப்பியிருந்தனர். அதில் ஆடம்ஸுக்குக் கடுகளவும் உடன்பாடில்லை. இவ்வேண்டுகோளை ஏன் ஏற்கலாகாது என்று விடையளிக்கும்படி ஒரு குழுவுக்குப் பணிக்க வேண்டும் என்று கோரியே அதனைச் சமர்ப்பித்தார். நாட்டைக் கலைக்கச் சொல்லும் தாளைக் கையால் தொட்டதே துரோகம் என்று அவர்மீது கண்டனத் தீர்மானம் வந்தது. குற்றவாளியாக நின்ற அவர் செய்த முதற்காரியம், விடுதலைப் பிரகடனத்தின் தொடக்கத்தை அவைக்குப் படித்துக் காட்டுமாறு எழுத்தரைக் கேட்டதுதான். அரசு தன் நோக்கத்தை அழிக்குமாயின் அதனை மாற்றும் உரிமை மக்களுக்குண்டு என்று சொல்லும் பகுதி அது. எழுபத்துநான்கு வயதில், இரு வாரங்கள் தனக்குத் தானே வழக்கறிஞராய் நின்று வாதாடினார். இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று அவர் கேட்கும்போது, குற்றஞ்சாட்டியவர்களே களைத்துப்போயிருந்தனர். இறுதியில் 106க்கு 93 என்ற வாக்கில் கண்டனத் தீர்மானத்தை மேசைமேல் வைத்தார்கள். மனுக்களை உறங்கவைத்த மேசையில் இப்போது அதுவும் உறங்கியது.

தோற்றவர்கள் சில வாரங்களில் ஒஹையோ மாநிலத்து ஜோஷுவா கிடிங்ஸ்மீது பாய்ந்து, அவர் வாய் திறக்க இடமின்றிக் கண்டனம் நிறைவேற்றினர். அவர் பதவி விலகி ஊருக்குச் சென்றார். தொகுதி மக்கள் பெரும்பான்மையோடு அவரைத் திருப்பி அனுப்பினர். அந்தத் தீர்ப்பை எந்த மேசையிலும் கிடத்த முடியவில்லை.

1844 டிசம்பர் 3ஆம் நாள் அவ்விதியை நீக்க ஆடம்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 108க்கு 80 என்ற வாக்கில் வென்றது. அன்றிரவு தம் நாட்குறிப்பில் அவர் இறைவனுக்கே நன்றி செலுத்தி எழுதினார். 1848 பிப்ரவரி 21ஆம் நாள் அவையில் தம் இருக்கையிலேயே சாய்ந்தார். இருநாள் கழித்து அந்தக் கட்டடத்திலேயே உயிர் நீத்தார்.

வாயில் திறந்தபின் மனுக்கள் குழுவுக்குச் சென்றன. ஆனால் குழுவிலிருந்து ஒன்றும் வெளிவரவில்லை. ஆடம்ஸ் வெற்றி பெற்றது கேட்கப்படும் உரிமைக்கு. கேட்டது கிடைக்க இன்னும் பதினெட்டாண்டுகளும் ஓர் உள்நாட்டுப் போரும் வேண்டியிருந்தன. 1862 ஏப்ரல் 16ஆம் நாள், லிங்கன் ஒப்பமிட்ட சட்டத்தால், கொலம்பியா மாவட்டத்தில் 3,000க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றனர். எசமானர்களுக்கு, தலைக்குச் சராசரி 300 டாலருக்கு மேற்படாமல் இழப்பீடு தருவதாகவும் அச்சட்டம் கூறியது. இழப்பீடு வேண்டுமாயின் அவர்கள் ஓர் ஆணையத்தின்முன் மனுச் செய்ய வேண்டும். மனுவென்றாலே காதைப் பொத்திக்கொண்ட தரப்பினர், பெயரும் வயதும் நிறமும் விலையும் எழுதிய தாள்களோடு வரிசையில் வந்து நின்றனர்.

சிலர் வரவில்லை. தம்மிடமிருந்தவர்களின் பெயரைப் பதிவு செய்யாமலே விட்டுவிட்டனர். அவர்களுடைய விடுதலைக்குச் சான்றிதழ் இல்லாமற் போயிற்று. ஆகவே அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஒரு துணைச்சட்டம் இயற்றப்பட்டது. எசமானன் மனுச் செய்யத் தவறினால், அடிமையாயிருந்தவரே தம் பெயரால் மனுச் செய்யலாம் என்று அது சொல்லிற்று. அதன்படி கறுப்பின ஆண்களும் பெண்களும் ஆணையத்துக்குச் சென்று தங்கள் மனுக்களைத் தந்தார்கள். அடிமைகளுக்கு மனுவுரிமை இல்லை என்று சபை தீர்மானித்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதப் படிக்க அறியாத பலர் ஒப்பமிடும் இடத்தில் ஒரு கீறல் மட்டும் போட்டிருக்கிறார்கள்.